வெளிநாட்டுப் பயணத்துக்கு டேட்டா சிம்: வாங்கும் முன்பும் இறங்கிய பின்பும்

முதல் முறை வெளிநாடு போனபோது, இறங்கிய விமான நிலையத்திலேயே ஒரு சிம் வாங்கினேன். கவுண்ட்டரில் இருந்தவர் என் பழைய சிம்மைக் கழற்றி, ஒரு துண்டுக் காகிதத்தில் ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுத் தந்தார். இணையம் நன்றாகவே வந்தது. மாலையில் ரயில் சீட்டு எடுக்கக் கார்டு விவரங்களைக் கொடுத்ததும் வங்கி ஓடிபி கேட்டது. அந்த ஓடிபி வந்து சேர வேண்டிய சிம், காகிதத்தில் ஒட்டியபடி என் பணப்பைக்குள் இருந்தது. விடுதி வரவேற்பறையில் குண்டூசி கேட்டு வாங்கி, சிம்மை மாற்றி, ஓடிபி பெற்று, மறுபடி மாற்றி முடிப்பதற்குள் அந்த ரயில் போய்விட்டது.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். எத்தனை ஜிபி, என்ன விலை என்பதெல்லாம் பிறகு. பழைய எண் போனிலேயே உயிரோடு இருக்க வேண்டும், இணையம் மட்டும் புதிய சிம்மில் ஓட வேண்டும். இந்த ஏற்பாடு அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. கீழே சொல்லியிருக்கும் வரிசையில் செய்துகொண்டு போங்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே தொடங்கினால் பதற்றம் இருக்காது.

முதலில் உங்கள் போனைச் சோதியுங்கள்

சிம் வாங்குவதற்கு முன் போனைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

முதலாவது, போன் லாக் ஆகியிருக்கிறதா என்பது. தவணையிலோ ஒப்பந்தத்திலோ ஒரு நிறுவனத்திடம் வாங்கிய போன் என்றால், அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டியிருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்ப் பார்த்தால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். அங்கே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்றிருந்தால் கவலை இல்லை. ஆண்ட்ராய்டில் இதைப் பார்க்கும் இடம் போனுக்குப் போன் மாறும். அதைத் தேடி அலைவதைவிட, வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டு நிமிடம் அதை வாங்கிப் போட்டுப் பார்ப்பது நல்லது. சிக்னல் வந்து, அழைப்பும் போனால் பூட்டு இல்லை. பூட்டியிருந்தால் போன் வாங்கிய நிறுவனத்திடம் சொல்லித் திறக்க வேண்டும். அதற்குச் சில நாள் ஆகலாம் என்பதால்தான் பத்து நாள் முன்பே தொடங்கச் சொன்னேன்.

இரண்டாவது, இ-சிம் வசதி உண்டா என்பது. அட்டை எதுவும் போடாமல், போனுக்குள் இருக்கும் சில்லிலேயே நிறுவிக்கொள்ளும் சிம்தான் இ-சிம். அழைப்புத் திரையில் *#06# என்று தட்டுங்கள். ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று 32 இலக்க எண் ஒன்றும் வந்தால் போனில் இ-சிம் சில்லு இருக்கிறது. ஐபோன்களில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து இந்த வசதி இருக்கிறது. சீனப் பெருநிலத்தில் விற்பதற்கென்று தயாரான பல ஐபோன்களில் மட்டும் இ-சிம்முக்குப் பதில் இரண்டு சிம் அட்டைகள் போடும் தட்டு இருக்கும். மறுபுறம், அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ஆம் மாடலிலிருந்து சிம் தட்டே கிடையாது. உறவினர் யாராவது அங்கிருந்து வாங்கி வந்த போனைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், போகிற இடத்தில் சிம் அட்டை வாங்கிப் பயனில்லை. இ-சிம் ஒன்றுதான் வழி.

மூன்றாவது, போகும் நாட்டு அலைவரிசைகளை உங்கள் போன் பிடிக்குமா என்பது. கடந்த நான்கைந்து ஆண்டுகளில் வந்த போன் என்றால் பெரும்பாலும் பிடிக்கும். பழைய போன், விலை குறைந்த மாடல் என்றால் கவனம் தேவை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜி சேவையை மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் 2024-இல் மூடினார்கள். இத்தகைய நாடுகளில் அழைப்புகூட 4ஜி வழியாகத்தான் போகும், அதற்கு வோல்டி வசதி வேண்டும். டேட்டா மட்டும் போதும் என்பவருக்கு இது பெரிய தடையாக இருக்காது. ஆனால் பழைய எண்ணுக்கு அழைப்பும் ஓடிபியும் வருவதற்கு இதுவே தடையாகலாம். உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, "நான் போகும் நாட்டில் வோல்டி ரோமிங் உண்டா, அதில் என் போன் வேலை செய்யுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

மூன்று வழிகள், எது யாருக்கு?

உங்கள் நிறுவனமே தரும் ரோமிங் பேக், போன இடத்தில் வாங்கும் உள்ளூர் சிம், பயணிகளுக்கென்று இணையத்தில் விற்கும் இ-சிம் என மூன்று வழிகள் உண்டு.

ரோமிங் பேக்கில் எதையும் மாற்ற வேண்டாம். அதே சிம், அதே எண். டேட்டா விலைதான் பொதுவாகக் கூடுதல். இரண்டு மூன்று நாள் வேலையாகப் போகிறவருக்கும், போன் செட்டிங்ஸைத் தொடவே தயங்கும் பெரியவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் இதுவே நிம்மதி.

உள்ளூர் சிம்மில் டேட்டா தாராளமாகக் கிடைக்கும், பெரும்பாலும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து வரும். வாடகைக் கார் ஓட்டுநர் அழைப்பதற்கும், உணவகத்தில் இடம் பிடிப்பதற்கும் அந்த எண் உதவும். எல்லா நாட்டிலும் இப்படிக் கிடைக்காது. ஜப்பானில் பயணிகளுக்கு விற்கும் சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை. பல நாடுகளில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்தால்தான் சிம்மே கிடைக்கும். நள்ளிரவில் இறங்கினால் கவுண்ட்டர் மூடியிருக்கலாம். ஒரே நாட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்குபவருக்கு இது பொருத்தம்.

பயண இ-சிம்மை வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கலாம். விமானம் தரை தொட்டதும் இணையம் வந்துவிடும், பழைய சிம்மும் தன் இடத்திலேயே இருக்கும். ஓடிபி தொல்லைக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியவில்லை. குறுகிய விடுமுறைக்கு, அதிலும் ஒரே பயணத்தில் இரண்டு மூன்று நாடுகளைச் சுற்றுபவருக்கு, என் தேர்வு இதுதான்.

இ-சிம் வசதியில்லாத போனாக இருந்தாலும் இரண்டு சிம் போட இடமிருந்தால் உள்ளூர் சிம்மை இரண்டாவது இடத்தில் போட்டு இதே ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். ஒரே சிம் மட்டும் போடக்கூடிய போன் என்றால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்றை எடுத்துப் போய் அதில் உங்கள் எண்ணை வையுங்கள்.

எத்தனை ஜிபி வேண்டும்?

வரைபடம், செய்தி, தேடல், டிக்கெட் செயலிகள் எல்லாம் மிகக் குறைவாகத்தான் டேட்டா எடுக்கும். வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு ஒரு மணி நேரம் பேசினாலும் சில பத்து எம்பிதான் ஆகும். பாட்டு கேட்பதற்கு, 160 கேபிபிஎஸ் தரத்தில், மணிக்கு 70 எம்பி சொச்சம். வீடியோ வந்தால்தான் கணக்கு தலைகீழாகும். நெட்ஃபிளிக்ஸ் தன் கணக்குப்படி சாதாரணத் தரத்துக்கு மணிக்கு 1 ஜிபி வரையும், எச்டி தரத்துக்கு 3 ஜிபி வரையும் எடுத்துக்கொள்ளும்.

பலருக்கும் தெரியாமல் டேட்டா கரைவது இன்னொரு வழியில். ஐபோனில் 4கே தரத்தில் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும். கோயிலிலும் கடற்கரையிலுமாகப் பத்து நிமிடம் எடுத்தால் 1.7 ஜிபி. மொபைல் டேட்டாவில் பேக்கப் செய்ய அனுமதித்திருந்தால், நீங்கள் போனைப் பைக்குள் வைத்துவிட்டு நடக்கும்போது அது அத்தனையையும் இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். கிளம்பும் முன்பே படங்களின் பேக்கப்பையும் செயலிகளின் தானியங்கி அப்டேட்டையும் வைஃபையில் மட்டும் நடக்கும்படி மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதையும் அப்படியே நிறுத்துங்கள். குடும்பக் குழுக்களில் வரும் காலை வணக்க வீடியோக்கள் ஒரு நாளில் எவ்வளவு இழுக்கும் என்று ஒருமுறை பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

இதைச் செய்துவிட்டு, விடுதியில் வைஃபையும் இருந்தால், ஒரு வாரத்துக்கு 3 முதல் 5 ஜிபி எனக்குத் தாராளமாகப் போதுகிறது. தினமும் வீட்டுக்கு வீடியோ அழைப்பு போடுபவரும் ரீல்ஸ் பார்ப்பவரும் 10 ஜிபி எடுங்கள். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், கடந்த மாதம் எவ்வளவு மொபைல் டேட்டா போனது என்று உங்கள் போனிலேயே பாருங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லைப் பார்த்ததும் வாங்கிவிட வேண்டாம். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி முடிந்ததும் வேகத்தைக் குறைப்போம் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். குறைந்த பிறகு என்ன வேகம் என்பதைத் தேடிப் படியுங்கள். 128 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 16 கிலோபைட். 4 எம்பி படம் ஒன்றை அனுப்பவே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். செய்தி போகும், வரைபடம் திக்கித் திணறும், அவ்வளவுதான்.

பணம் கட்டும் முன் படிக்க வேண்டியவை

நாடுகளின் பட்டியலை வரிவரியாகப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல், ஒரு நாட்டில் வாங்கிய சிம்மை மற்ற உறுப்பு நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல், நியாயப் பயன்பாட்டு வரம்புக்குள், பயன்படுத்தலாம். நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நாடுகளும் இதில் அடக்கம். சுவிட்சர்லாந்து இந்த ஏற்பாட்டில் கிடையாது, பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டது. பாரிஸில் சிம் வாங்கிக்கொண்டு ரயிலில் சூரிக் போகிறவர் எல்லை தாண்டியதும் மாட்டிக்கொள்வது இதனால்தான். சில நிறுவனங்கள் இவ்விரு நாடுகளையும் தாங்களாகவே சேர்த்துத் தருகின்றன. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள்.

காலக்கெடு எப்போது தொடங்குகிறது என்பது அடுத்தது. சில இ-சிம்கள் போனில் நிறுவிய நொடியிலிருந்தே நாள் கணக்கை ஆரம்பித்துவிடும். சில, போன நாட்டு நெட்வொர்க்கைத் தொட்ட பிறகுதான் ஆரம்பிக்கும். இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்தால் வீட்டிலேயே நிதானமாக நிறுவிக்கொள்ளலாம். நாள் என்பது 24 மணி நேரமா, காலண்டர் நாளா என்றும் பாருங்கள். காலண்டர் நாள் என்றால், இரவு 11 மணிக்கு இறங்கி இயக்கியவருக்கு ஒரு மணி நேரத்திலேயே முதல் நாள் தீர்ந்துவிடும்.

ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்பதையும் பாருங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரே போனிலிருந்து பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கடைவீதியில் இரண்டு பேர் ஒரு பக்கமும் இரண்டு பேர் மறுபக்கமும் பிரிந்தால், ஒரு தரப்பிடம் இணையம் இருக்காது. குறைந்தது இரண்டு போன்களிலாவது தனித்தனி டேட்டா இருக்கட்டும்.

சீனப் பெருநிலத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உள்ளூர் சிம் வாங்கினால் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. ரோமிங்கில் போகும்போதோ, வெளிநாட்டு நிறுவனத்தின் பயண இ-சிம்மிலோ, உங்கள் இணையப் போக்குவரத்து சிம் கொடுத்த நிறுவனத்தின் பக்கம் சுற்றிப் போவதால் அவை பொதுவாக வேலை செய்யும். இதே சுற்றுவழியால், பயண இ-சிம் போட்ட போனைச் சில இணையதளங்கள் வேறு நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். வங்கிச் செயலி சந்தேகப்பட்டுக் கூடுதலாக ஏதாவது கேட்டால் பயப்பட வேண்டாம், காரணம் இதுதான்.

வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டியவை

பழைய சிம்மில் சர்வதேச ரோமிங் வசதியை இயக்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் பேக் எதுவும் வாங்க வேண்டியதில்லை, எஸ்எம்எஸ் வருவதற்கான அனுமதி இருந்தால் போதும். வெளிநாட்டில் எஸ்எம்எஸ் பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இலவசம்தான். வரும் அழைப்பை எடுத்தால் பல நிறுவனங்கள் காசு வாங்கும். எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பினாலும் சில நேரம் கட்டணம் விழும். அதைத் தவிர்க்க ##002# என்று தட்டி அழைத்தால் எல்லாக் கால் ஃபார்வர்டிங்கும் நீங்கிவிடும்.

இ-சிம்மை வைஃபையில் நிறுவுங்கள். வாங்கியதும் மின்னஞ்சலில் க்யூஆர் கோடு வரும். அதே போனில் திறந்து அதே போனால் ஸ்கேன் செய்ய முடியாமல் பலரும் விழிக்கிறார்கள். அந்த க்யூஆர் கோடை இன்னொரு திரையில் திறங்கள், அல்லது அச்செடுங்கள். இரண்டும் முடியாவிட்டால், அதே மின்னஞ்சலில் வரும் எஸ்எம்-டிபி பிளஸ் முகவரியையும் (இ-சிம்மை எங்கிருந்து இறக்குவது என்று போனுக்குச் சொல்வது) இயக்கக் குறியீட்டையும் கையால் உள்ளிடலாம். நிறுவியதும் புதிய இணைப்புக்குப் 'பயணம்' என்றும் பழையதற்கு 'வீடு' என்றும் பெயர் வைத்துவிடுங்கள். இந்தச் சின்ன வேலை பிறகு பெரிய குழப்பத்தைத் தவிர்க்கும்.

நிறுவியதும் 'நோ சர்வீஸ்' என்று காட்டும். அது இயல்புதான், நீங்கள் இன்னும் அந்த நாட்டுக்குப் போகவில்லை அல்லவா? வேலை செய்யவில்லை என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். பெரும்பாலான க்யூஆர் கோடுகள் ஒரே ஒரு முறைதான் பயன்படும். அழித்தால் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். கிளம்பும் நாள் வரை அந்த இணைப்பை ஆஃப் செய்து வையுங்கள்.

போகும் ஊரின் வரைபடத்தையும் ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். விடுதி முகவரி, பயணச் சீட்டு இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சிம் எடுக்கும் ஊசி கைப்பையில் இருக்கட்டும்.

இறங்கியதும்

விமானம் நின்று, ஏரோபிளேன் மோடை எடுக்கும் முன்பே செட்டிங்ஸில் இவற்றைச் சரிபாருங்கள். புதிதாகப் போகிறவர்கள் மிக அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் நிதானமாகப் படியுங்கள்.

'வீடு' இணைப்பு ஆன் நிலையில் இருக்க வேண்டும், ஆனால் அதன் டேட்டா ரோமிங் ஆஃப். 'பயணம்' இணைப்பும் ஆன், அதன் டேட்டா ரோமிங்கும் ஆன். மொபைல் டேட்டாவுக்கு 'பயணம்' தேர்வாகியிருக்க வேண்டும்.

ரோமிங் என்றாலே பெரிய பில் என்று பயந்து இரண்டிலும் ஆஃப் செய்துவிட்டு, இணையம் வரவில்லை என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயண இ-சிம்களில் பல வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்கள். அவை நீங்கள் போன நாட்டில் ரோமிங் முறையில்தான் இயங்கும், அதற்கான பணத்தையும் நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். எனவே அதில் ரோமிங்கை ஆன் செய்வதால் புதிதாகச் செலவு வராது. பில் ஏற்றக்கூடியது 'வீடு' சிம்மின் ரோமிங் மட்டுமே.

ஐபோனில் இன்னொரு பொறி இருக்கிறது. 'அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' என்ற பொத்தான் ஆனில் இருந்தால், போனே தேவைக்கேற்ப மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தாவும். அதை ஆஃப் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் இதே போன்ற தானியங்கி மாற்றம் உண்டு.

இப்போது ஏரோபிளேன் மோடை எடுங்கள். நெட்வொர்க் பிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகலாம். விமான நிலைய வைஃபையைத் துண்டித்துவிட்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். வரவில்லை என்றால் போனை ஒருமுறை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஏபிஎன் அமைப்பைப் பாருங்கள், சிம்மை இணையத்தோடு இணைக்கும் முகவரி போன்றது அது. சிம்மோடு வந்த குறிப்பில் ஏபிஎன் ஒரு சிறு சொல்லாக இருக்கும், அதை எழுத்துப் பிசகாமல் உள்ளிட வேண்டும். கடைசியாக, நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, குறிப்பில் சொல்லியிருக்கும் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கவுண்ட்டரில் சிம் வாங்கினால் இந்தச் சோதனையை விற்பவர் முன்னாலேயே செய்துவிட்டு நகருங்கள். பழைய சிம்மைக் கழற்ற வேண்டியிருந்தால் அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வாட்ஸ்அப் புதிய எண்ணைப் பார்த்து "எண்ணை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே அது புதிய டேட்டாவில் ஓடும். ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் பழைய எண்ணிலேயே இருக்கட்டும். எண்ணை மாற்றினால் போன் பதிவுக்காக ரகசியமாக ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும், அதற்குக் கட்டணம் வரலாம்.

பயணத்தின்போது

எல்லை ஊர்களில் போன் பக்கத்து நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துவிடும். ஜெனீவாவில் பிரான்சு சிக்னலும், மலேசியாவின் ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் சிக்னலும் வருவது சாதாரணம். உங்கள் திட்டத்தில் அந்த நாடு இல்லை என்றால் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். சொகுசுக் கப்பலில் ஏறினால் ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு வைஃபை மட்டும் பயன்படுத்துங்கள். நடுக்கடலில் போன் பிடிப்பது கப்பலின் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க், அது எந்தச் சாதாரணத் திட்டத்திலும் அடங்காது.

இரண்டாம் நாள் இரவு எவ்வளவு டேட்டா போயிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அப்போதே தெரிந்தால் மீதி நாட்களுக்குச் சரிசெய்துகொள்ள நேரம் இருக்கும்.

திரும்பியதும்

மொபைல் டேட்டாவை 'வீடு' இணைப்புக்கு மாற்றுங்கள். நிறுத்தியிருந்த கால் ஃபார்வர்டிங் தேவை என்றால் மறுபடி அமையுங்கள். 'பயணம்' இணைப்பை உடனே அழிக்க வேண்டாம், ஆஃப் செய்தால் போதும். பல நிறுவனங்களில் அதே இ-சிம்முக்கு மறுபடி டேட்டா ஏற்றி அடுத்த பயணத்திலும் பயன்படுத்தலாம். ஐபோன் ஒன்றில் எட்டு இ-சிம்கள்கூட இருக்க முடியும் என்பதால் அதில் இடம் பற்றிய கவலை இல்லை. அந்த நிறுவனம் மீண்டும் டேட்டா ஏற்றும் வசதி தருவதில்லை என்று உறுதியான பிறகு அழித்துக்கொள்ளுங்கள்.